ஏழாவது ஆட்டத்தில் நான் போட்ட சத்தம்

எங்கள் கல்லூரிக் கால்பந்து அணிக்கு அந்த வருஷம் ஏழு ஆட்டங்கள் இருந்தன. ஏழிலும் தோற்றோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஏதோ அதிசயம் நடக்கப் போகிறது என்று யாரும் ஆவலோடு உட்கார்ந்திருக்க வேண்டாம். ஒன்றும் நடக்காது. நடந்த ஒன்றும் நல்லதாக நடக்கவில்லை.

இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு மூன்று நான்கு வருஷம் முன்பு நான் சேலத்தில் இன்டர்மீடியட் இரண்டாவது வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்பதெல்லாம் ஒரு மரியாதைக்குச் சொல்வது. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கி, மூன்று வேளை சாப்பிட்டு, சாயங்காலம் பந்தாடினேன், அவ்வளவுதான். எனக்கு ஓட வராது. ஆள் உயரம், கை நீளம். டிரில் மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ போய் ரெண்டு கம்பத்துக்கு நடுவுல நில்லு, அது போதும்" என்றார். இப்படித்தான் கோல்கீப்பர் ஆனேன்.

மைதானம் என்று அதற்குப் பேர் வைத்திருந்தார்கள். இறுகிப்போன செம்மண், அதில் சரளைக்கல், மழை பெய்தால் ஒரு வாரத்தில் நெருஞ்சி. வடக்கே சேர்வராயன் மலை நன்றாகத் தெரியும். வெளியூர் அணிகள் வந்தால் அதை மட்டும்தான் பாராட்டிவிட்டுப் போவார்கள். பதினொரு பேரில் பூட்ஸ் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர், மற்றவர்களுக்கு வெறுங்கால். பந்து ஒன்றுதான். அதை ஒரு செருப்புத் தைப்பவர் தைத்துத் தைத்து, கடைசியில் தோலைவிட நூல்தான் அதிகம் இருந்தது. கோலுக்குப் பின்னால் கட்டும் வலை பள்ளிபாளையத்தில் காவிரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டு வாங்கி வந்தது. எத்தனை தடவை துவைத்தாலும் அந்த நாற்றம் போகவில்லை. ஆட்டம் முழுக்க அதற்கு முன்னால் நிற்க வேண்டியவன் நான். இரண்டு பூனைகள் எங்கள் ஆட்டத்துக்குத் தவறாமல் வரும், அவைதான் எங்கள் ரசிகர்கள்.

எங்கள் கேப்டன் பேக் ஆடினான், எனக்கு நேர் முன்னால். திருச்செங்கோட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் வைத்திருந்த குடும்பம். குட்டையாக, கனத்த தொடையோடு இருப்பான். வெறுங்காலால் அந்தப் பந்தை அவன் உதைத்தால் ஆகாயத்தில் கொஞ்ச நேரம் அது என்ன ஆயிற்று என்று தேட வேண்டியிருக்கும். எங்கள் அணியில் ஆடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். இதை அன்றைக்கும் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், நானும் ஒத்துக்கொண்டேன்.

அவன் பேச்சுத்தான் எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. நான் முதல் நாளே "என்னாடா, எந்த ஊர்டா?" என்று ஆரம்பித்துவிட்டேன். அவன் என் வயதுக்காரன், ஒரு மாதம் பெரியவன்கூட. ஆனாலும், "திருச்செங்கோட்டுப் பக்கமுங்க. நீங்க எந்த ஊருங்க?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கத்து ஆட்கள் எங்கள் அணியில் எட்டுப் பேர். எட்டும் இப்படித்தான். ஆட்டத்தின் நடுவில், எதிராளி பந்தோடு பாய்ந்து வரும்போது, "ஏனுங்க, இக்கட்ட உடுங்க" என்று, பந்தை இந்தப் பக்கம் அனுப்பச் சொல்லி ஒருவன் கேட்பான். "இருங்க, உடறேனுங்க" என்று மற்றவன் பதில் சொல்வான். அதற்குள் எதிராளி பந்தை எடுத்துக்கொண்டு போய்விடுவான். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

டிரில் மாஸ்டருக்கு ஒருநாள் பொறுமை போயிற்று. எங்களை வரிசையாக நிறுத்தி, "நீங்க 'ங்க' சொல்லி முடிக்கறதுக்குள்ள பந்து கோலுக்குள்ள போயிடுதுடா! இனிமே மைதானத்துல வாலை வெட்டுங்க. ஒரே வார்த்தை, ஒரே சத்தம்" என்று கத்தினார். அன்றே சட்டம் போட்டுவிட்டார். பந்தை ஓங்கி உதை என்றால் "உடு". தொடாதே, போகட்டும் என்றால் "நில்". திருச்செங்கோட்டுப் பக்கத்து மேற்கத்திக்காரர்களுக்கு இது இயல்பாகவே வரும். பந்தை உடு, கல்லை உடு, கன்னத்தில் ஒன்று உடு, எல்லாம் அவர்களுக்கு உடுதான். விட்டுவிடு என்பதற்கு அவர்கள் "உட்டுருங்க" என்பார்கள். அது நீளம் என்று மாஸ்டர் தள்ளிவிட்டார்.

எனக்குத்தான் குழப்பம். எங்கள் ஆத்தூர்ப் பக்கத்தில் "வுடு" என்றால் தொடாதே, போகட்டும் என்று அர்த்தம். ரெண்டு பேர் சண்டை போட்டால் "வுடுடா" என்போம். காரியம் கெட்டுப்போனால் "வுடு, போவட்டும்" என்போம். இதை மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். "மைதானத்துல ஆத்தூரும் கிடையாது, அயோத்தியும் கிடையாது. சொன்னதைப் பழகு" என்றார். பழகினேன். மாதக்கணக்கில் தினமும் சாயங்காலம் கத்திக் கத்திப் பழகினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

கேப்டனுக்கு வால் வெட்டுவது பெரிய அவஸ்தை. மைதானத்தில் "உடு! நில்!" என்று கத்துவான். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருத்தனிடமும் வந்து, "மரியாதையில்லாமக் கூப்பிட்டுப்போட்டேனுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்பான். என்னிடமும் வந்து சொல்வான். "அட போடா, பைத்தியக்காரா" என்பேன் நான்.

அந்தப் பருவம் தொடங்கும்போதே அவனுக்கு ஒரு கவலை இருந்தது. இங்கிலீஷ் அவனுக்கு ஏறவே இல்லை. பரீட்சையில் கோட்டை விடப் போவது நிச்சயம், அவனுக்கே அது தெரியும். ஊரில் மூன்று வருஷமாக மழை பொய்த்துக் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. தோட்டத்து ஆள் வேலையை விட்டுப் போய்விட்டான். அவன் அப்பா, அவர்கள் பேச்சில் ஐயன், தைப்பொங்கல் வரைக்கும்தான் கெடு வைத்திருந்தார். "அதுக்குள்ள ஒரு வழி பண்ணிக்க, இல்லீன்னா தோட்டத்துக்கு வந்துரு" என்று சொல்லியிருந்தார். அந்த நேரத்தில்தான் கல்லூரிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. சென்னையில் தேகப்பயிற்சி ஆசிரியர்களுக்கான பள்ளிக்கூடம். ஒவ்வொரு கல்லூரியும் நல்ல ஆட்டக்காரன் ஒருவன் பெயரை அனுப்பலாம். இன்டர்மீடியட் தேற வேண்டும் என்பதுகூட இல்லை, பிரின்சிபாலின் கடிதம் இருந்தால் போதும்.

அவன் அதைப் படித்துவிட்டு என்னிடம் ஓடி வந்தான். அவனுக்குப் புரிந்தது சரிதானா என்று என்னை ஒரு தரம் படித்துச் சொல்லச் சொன்னான். சரிதான் என்றேன். "எனக்கு வேற எதுவும் வராதுங்க. இது ஒண்ணுதானுங்க வருது" என்றான். அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் முகத்தில் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இரண்டு பேருமாகப் பிரின்சிபாலிடம் போனோம். அவர் கெட்டவரில்லை, கணக்கானவர். "போன வருஷம் எத்தனை ஜெயித்தீர்கள்?" என்றார். ஒன்றுமில்லை. "அதற்கு முந்தின வருஷம்?" அப்போதும் ஒன்றுமில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஒன்றுமே ஜெயிக்காத அணியின் கேப்டனை, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தகுதியானவன் என்று நான் எப்படியப்பா எழுதுவேன்? ஒரு ஆட்டம் ஜெயித்துக்கொண்டு வா. சரி, டிரா என்றாலும் போதும். ஒரு ஆட்டமாவது தோற்காமல் வா" என்றார். ஏழு ஆட்டத்தில் ஒரு டிரா. வெளியே வந்ததும் அவன் என் கையைப் பிடித்து, "ஆயிருமுங்க, ஆயிருமுங்க" என்று இரண்டு தடவை சொன்னான். எனக்கு அப்போதே நம்பிக்கை இல்லை.

முதல் ஆட்டம் ஜங்ஷன் பக்கத்து ரயில்வே ஆட்களோடு. தினமும் கரி அள்ளிப்போடுகிற கைகால்கள். ஆறு கோல் வாங்கினேன். ஆறாவது பந்து என் வயிற்றில் பட்டு என்னையும் சேர்த்து வலைக்குள் தள்ளிற்று. இரண்டாவது ஆட்டத்தில் பள்ளிக்கூடத்துப் பையன்களிடம் மூன்றுக்கு ஒன்று என்று மண்ணைக் கவ்வினோம். மீசை முளைக்காத பயல்கள்! அன்றைக்கு விடுதிச் சமையல்காரர்கூட எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கரண்டி சோறு அதிகமாகப் போட்டார்.

மூன்றாவது ஆட்டம் ஐப்பசி மழையில். அந்த வருஷம் புதுச் சட்டை. ஆட்டையாம்பட்டியில் ஒரு பையனின் வீட்டுத் தறியில் நெய்த துணி, அவர்களே பச்சைச் சாயம் போட்டுக் கொடுத்தார்கள். பாவம், நல்ல எண்ணத்தில் கொடுத்தது. மழை பிடித்த கால் மணி நேரத்தில் சாயம் ஓட ஆரம்பித்தது. கழுத்து பச்சை, கை பச்சை, நிக்கர் பச்சை. எதிர் அணிக்காரன் ஒருவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் அப்படிச் சிரிக்கும்போதுகூட எங்களால் ஒரு கோல் போட முடியவில்லை. நான்கு கோலில் தோற்றோம். மூன்று நாள் குளித்தும் என் கக்கத்தில் பச்சை போகவில்லை.

நான்காவதுதான் ஆசை காட்டி மோசம் செய்தது. இடைவேளைக்கு நாங்கள் ஒரு கோல் முன்னால். கேப்டன் பாதி மைதானத்திலிருந்து அடித்த பந்து, காற்று தூக்கிக்கொண்டு போய் உள்ளே போட்டது. ஒரு வாய் தண்ணீர்கூட அவன் குடிக்கவில்லை, "இன்னும் கொஞ்ச நேரந்தானுங்க, இன்னும் கொஞ்ச நேரந்தானுங்க" என்று ஒவ்வொருத்தன் தோளையும் தொட்டுக்கொண்டு சுற்றினான். இடைவேளை முடிந்து பத்து நிமிஷத்தில் பந்து வெடித்தது. உள்ளே இருந்த ரப்பர் பிளாடரில் இனி ஒட்டுப் போட இடமில்லை. எதிர் அணியிடம் புதுப்பந்து ஒன்று இருந்தது. அதில் ஆடினோம். புதுப்பந்து எங்கள் ஆட்களில் ஒருவன் காலுக்கும் பிடிபடவில்லை, வழுக்கி வழுக்கிப் போயிற்று. இரண்டுக்கு ஒன்று.

ஐந்தாவது நாமக்கல்லில், மலைக்கோட்டையின் கீழே, போலீஸ்காரர்களோடு. அதைப் பற்றிச் சொல்லும்படி எதுவுமில்லை, அடிபட்டுக்கொண்டு வந்தோம். ஆறாவதற்குப் போகிற வழியில் ராசிபுரம் தாண்டி பஸ் நின்றுவிட்டது. நாங்கள் பதினொரு பேரும் இறங்கித் தள்ளினோம், பிறகு நடந்தோம், பிறகு ஓடினோம். போய்ச் சேர்ந்தபோது ரெஃப்ரி விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். வரவில்லை என்று எழுதி எங்களைத் தோற்றவர்களாக்கிவிட்டார்கள். ஆடாமலே தோற்றது அது ஒன்றுதான். கேப்டன் அந்த மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, வெறும் கோல் கம்பங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மிச்சம் ஒன்று. மார்கழி பாதி தாண்டிவிட்டது. எங்கள் மைதானத்தில், கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு கல்லூரியோடு. அவர்கள் ஏற்கெனவே கோப்பையை வென்றாகிவிட்டது. எங்களோடு ஆடுவது அவர்களுக்கு ஒரு சம்பிரதாயம். நல்ல ஆட்டக்காரர்கள் இருவரை அழைத்தே வரவில்லை. ஆட்டத்துக்கு முந்தி கேப்டன் எங்களை வட்டமாக நிற்க வைத்தான். பெரிய பேச்சு ஏதோ பேசப் போகிறான் என்று நினைத்தோம். "கோல் போட வேண்டாமுங்க. வாங்காம இருந்தாப் போதுமுங்க" என்றான். அதோடு சரி.

அன்றைக்கு எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. என் வாழ்நாளில் நான் ஒழுங்காக ஆடிய ஆட்டம் அது ஒன்றுதான். கையில் பட்டது, காலில் பட்டது, முகத்தில்கூட ஒன்று பட்டது. ஒன்றும் உள்ளே போகவில்லை. என்னைத் தாண்டி வந்ததைக் கேப்டன் உதைத்து வெளியே அனுப்பினான். முழங்கால் இரண்டிலும் ரத்தம் வழிந்து காய்ந்து மறுபடி வழிந்தது. வேடிக்கை பார்க்கக் கொஞ்சம் கூட்டமும் சேர்ந்துவிட்டது. டிரில் மாஸ்டர் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, பிரின்சிபால் பக்கத்தில் நின்றார். ஆமாம், பிரின்சிபால் வந்திருந்தார். இன்னும் இரண்டு நிமிஷம் என்று மாஸ்டர் விரலைக் காட்டினார். பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

அப்போது அவர்களில் ஒருவன் தூரத்திலிருந்து அடித்தான். சரியாகப் படவில்லை. பந்து தரையோடு உருண்டு, என் இடது பக்கமாக வந்தது. சோம்பேறித்தனமாக வந்தது. கம்பத்துக்கு ஒரு முழம் தள்ளி வெளியே போகப் போகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. கேப்டன் எங்கள் கோலைப் பார்த்தபடி, பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி வந்தான். அவன் இருந்த இடத்திலிருந்து அது வெளியே போவது தெரியாது. எனக்குத்தான் தெரியும், நான்தான் சொல்ல வேண்டும். "நில்" என்று ஒரு சொல்.

"வுடு!" என்று கத்தினேன்.

எத்தனை சாயங்காலம் பழகியிருந்தும், உயிர் போகிற அவசரத்தில் என் வாயில் வந்தது ஆத்தூர்ப் பேச்சு. தொடாதே, போகட்டும் என்றுதான் நான் சொன்னேன். அவன் காதில் அது விழுந்த விதம் வேறு; கூட்டத்தின் இரைச்சலில் மற்றவர்கள் யாருக்கும் அது கேட்கவே இல்லை. மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி, கொஞ்சமும் யோசிக்காமல், காலை நீட்டி ஓங்கி உதைத்தான். ஓடிவந்த வாட்டத்தில் பந்து அவன் பாதத்தில் சரிந்து, கம்பத்தின் உள்பக்கம் பட்டு, மீன் வலைக்குள் போய் விழுந்தது. ரெஃப்ரி விசில் ஊதினார். நடுவில் பந்தை வைத்து ஒரு தரம் தட்டினார்கள், மறுபடி விசில். முடிந்தது.

கூட்டத்தில் யாரோ, "டேய், கட்சி மாறிட்டான்டா!" என்று கத்தினான். கூட்டம் சிரித்தது. கோயம்புத்தூர்க்காரர்கள்கூடச் சிரிக்கவில்லை, எங்கள் ஊர்க்காரர்கள்தான் சிரித்தார்கள்.

டிரில் மாஸ்டர் ஓடி வந்தார். "ஏன்டா தொட்டே? அது வெளியேதானேடா போச்சு!" கேப்டன் தரையில் உட்கார்ந்திருந்தான். தலையை நிமிர்த்தி, "உடுன்னு சத்தம் கேட்டுதுங்க சார்" என்றான். மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். பின்னாலேயே பிரின்சிபாலும் வந்து நின்றார். "நீ கூப்பிட்டியாடா?" என்றார் மாஸ்டர்.

"இல்லை சார்" என்றேன்.

பயம். வேறு ஒன்றுமில்லை. அந்த நிமிஷத்தில் எனக்குக் கடிதமும் தெரியாது, சென்னையும் தெரியாது. அவ்வளவு பேர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் நாக்கில் சனியன் உட்கார்ந்தான். ஒரு சின்னப் பிள்ளை உடைத்த பானையை மறைப்பதுபோல மறைத்துவிட்டேன். கேப்டன் என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்சம் காத்திருந்தான் என்றுதான் நினைக்கிறேன். பிறகு எழுந்து, வலையை அவிழ்க்கப் போனான். அன்று என்னிடம் வந்து மரியாதையில்லாமல் கூப்பிட்டதற்கு வருத்தம் சொல்லவில்லை.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு அவன் ஐயன் வண்டி கட்டிக்கொண்டு வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு போனார். நான் வகுப்பில் இருந்தேன். வகுப்புக்குப் போவதில் எனக்கு அன்றைக்கு வந்த அக்கறை அதற்கு முன் வந்ததே இல்லை. டிரில் மாஸ்டர் அந்த ஐயனிடம் பேசியதைப் பிற்பாடு மாஸ்டரே என்னிடம் சொன்னார். "உங்க பையன் தங்கமானவன்தான். ஆனா தப்புப் பண்ணிட்டு யாரோ கூப்பிட்டாங்கன்னு சொல்றான். கோல்கீப்பரைக் கேட்டாச்சு, அவன் கூப்பிடலை" என்று சொன்னாராம். அந்தப் பெரியவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாராம்.

பொங்கல் முடிந்து கல்லூரி திறந்ததும் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போய் நின்றேன். தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர், "கடைசி ஆட்டத்தைப் பார்த்தேன். நன்றாக நின்றாய். விழுந்த ஒன்றும் உன் தப்பில்லை. சென்னைக்கு ஒரு பெயர் அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் இடம் வீணாகும். உன் பெயரை எழுதட்டுமா?" என்றார்.

சொல்ல வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆத்தூரில் எனக்கு என்ன இருந்தது? மாமன் வெற்றிலை மண்டியில் கட்டுக்கட்டி அடுக்குகிற வேலை. அவர் திட்டு. "சரிங்க சார்" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை, வெட்கங்கெட்டவன். மறுநாள் கடிதம் என் கையில் இருந்தது. விடுதியில் வைக்க மனம் வராமல் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஆனாலும் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினேன். அவனிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், அவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். இறங்கி, விசாரித்து, வெயிலில் ஒரு மணி நேரம் நடந்தேன். இரண்டு பக்கமும் விதைக்காமல் போட்ட காடு. தோட்டத்தில் அவன் மாடு பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்துக்கொண்டிருந்தான். கிணற்றிலிருந்து பெரிய தோல் சால் மேலே வரவேண்டுமானால் மாடுகள் சரிவில் கீழே இறங்க வேண்டும். சால் கீழே போகவேண்டுமானால் மாடுகளைப் பின்னுக்கு நடத்திக்கொண்டு ஏற வேண்டும். அவன் கயிற்றின்மேல் உட்கார்ந்து இறங்குவதும், எழுந்து பின்னால் ஏறுவதுமாக இருந்தான். சாலில் பாதிகூடத் தண்ணீர் வரவில்லை.

என்னைப் பார்த்ததும் மாட்டை நிறுத்திவிட்டு வந்தான். "வாங்க. இத்தன தூரம் வெய்யில்ல நடந்தா வந்தீங்க?" என்றான். கோபத்தோடு இருப்பான் என்று நினைத்து வந்தவனுக்கு அது தாங்கவில்லை. எனக்கு முன்னால் அவனே ஆரம்பித்துவிட்டான். தணிந்த குரலில், அவசரமாகச் சொன்னான்: "கடுதாசி உங்க பேருக்கு ஆயிப்போச்சுன்னு கேள்விப்பட்டேனுங்க. நம்மள்ல ஒருத்தராச்சும் போகோணுமில்லீங்க, போயிட்டு வாங்க. அதப்பத்தி ஒண்ணுமில்லீங்க. அன்னைக்கு நீங்க சத்தம் போட்டீங்கல்ல, அத மட்டும் எங்கய்யங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நாம் பொய் சொல்றேன்னு நெனச்சுட்டு இருக்கறாருங்க. பொங்கல்ல இருந்து எங்கூடப் பேசறதில்லீங்க."

வரும் வழியெல்லாம் நான் மனப்பாடம் செய்த வார்த்தை அதுதான். அவன் கேட்டதும் அதையேதான். சரி என்று தலையாட்டினேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன்.

அவன் ஐயன் கட்டுத்தரையில் மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளை மீசை. என்னை இன்னார் என்று அவன் சொன்னதும் எழுந்து நின்று கும்பிட்டார். பத்தொன்பது வயதுப் பயலைக் கும்பிட்டார். "ஒக்காருங்க சாமி" என்று கட்டிலை இழுத்துப் போட்டார். தானாகவே பேச்சை எடுத்தார்.

"பந்துல தோக்கறது என்னுங்க சாமி, மழையே நம்மளத் தோக்கடிக்குது. அதுக்கெல்லாம் நாங் கோவிக்கல. தோத்துப்போட்டு அடுத்தவன் மேல பழி போட்டான்னு வாத்தியாரு சொன்னாரு பாருங்க, அது எனக்கு ஆறலீங்க. நீங்க சொல்லுங்க சாமி. அன்னைக்கு நீங்க கூப்பிட்டீங்களா?"

ஆமாம் என்றால் அவர் அடுத்த பஸ்ஸில் கல்லூரிக்குப் போவார். அப்படிப்பட்ட மனிதர் என்பது பார்த்தாலே தெரிந்தது. மகன் பேரில் இருந்த பழியைத் துடைக்காமல் ஒருவாய் சாப்பிட மாட்டார். பிரின்சிபால் என்னைக் கூப்பிடுவார். கடிதம் சட்டைப்பையில் இருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் காகிதம் சரசரத்தது எனக்குக் கேட்டது.

"இல்லீங்க" என்றேன். "நான் கூப்பிடலீங்க."

மைதானத்தில் சொன்னது பயத்தில் வந்த பொய். இது அப்படியில்லை. அவர்கள் பேச்சிலேயே, அவர்கள் மரியாதையிலேயே, நிதானமாகச் சொன்னேன். முப்பத்திரண்டு வருஷம் நான் டிரில் மாஸ்டராக இருந்தேன். எத்தனையோ பையன்களை வெயிலில் நிறுத்தி, உண்மையைச் சொல்லுடா என்று கேட்டிருக்கிறேன். என்னை யாரும் நிறுத்திக் கேட்கவில்லை.

பெரியவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கிட்டியா?"

"கேட்டேனுங்க" என்றான் அவன்.

நீ பொய் சொல்கிறாய் என்று அவன் ஒரு வார்த்தை கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். பெரியவர், வந்தவர் சாப்பிடாமல் போகக் கூடாது என்று உள்ளே குரல் கொடுத்தார். எனக்காக நெல்லுச்சோறு ஆக்கினார்கள். அந்தப் பஞ்சத்தில் அவர்கள் வீட்டில் அது எப்போதாவது ஆக்குகிற சோறு. இலை போட்டு, பச்சைப்பயறு கடைசல் ஊற்றி, நெய் விட்டார்கள். பெரியவர் எதிரில் உட்கார்ந்து விசிறினார். நான் சாப்பிட்டேன். பசி வேறு, என்ன செய்வது, நன்றாகவே சாப்பிட்டேன். அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து பரிமாறினான். இலை காலியானதும் குனிந்து, "இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுங்களா?" என்று கேட்டான்.